ஏழாம் அத்தியாயம்: கல்லூரி திறப்பதற்குள் கையில் காசு

புயலில் வீடு நனைந்த மாணவர் படிப்பை விட்டு நிற்பது பெரும்பாலும் கல்லூரி மறுபடி திறக்கும் கிழமையில்தான். தண்ணீர் நிற்கும் நாட்களில் சமைத்த சாப்பாடு வரும். பள்ளிவாசலிலோ கோயில் மண்டபத்திலோ தேவாலயத்திலோ படுக்க இடம் கிடைக்கும். ஊரே நனைந்திருப்பதால் படிப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்து பத்துப் பதினைந்து நாளில் வட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் வரும்: திங்கட்கிழமை விரிவுரைகள் ஆரம்பம். கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. பஸ் காசு, போடிங் வீட்டு வாடகைப் பாக்கி, நனைந்த மடிக்கணினி, மறுபடி கொப்பி எடுக்க வேண்டிய குறிப்புகள். முற்றத்தில் வாப்பா படகு என்ஜினைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறார். அவரிடம் போய் எட்டாயிரம் ரூபாய் கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. “அடுத்த மாசம் போவம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். அடுத்த மாதம் அது கொழும்பில் ஏதாவது துணிக்கடையில் நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன் ஒரு சிறு தொகையை மாணவரின் கையில் வைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். அதிபர்கள், பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் இருப்பவர்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஸகாத் குழுக்கள், பங்குத் தந்தையர் ஆகியோருக்காக எழுதியிருக்கிறேன். புத்தளம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைக் கல்லூரிகள் உண்டு. ஒன்று ஊரிலுள்ள உயர்தரப் பாடசாலை, அரபுக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம். மற்றது தூரத்துப் பல்கலைக்கழகம்: ஒலுவில், யாழ்ப்பாணம், பேராதனை, குளியாப்பிட்டி. முதல் வகைக்குப் பிள்ளையின் வீடு தெரியும், கையில் காசு இராது. இரண்டாவது வகையிடம் நிதி இருக்கலாம், ஆனால் உடப்பு எங்கே இருக்கிறது என்பது தெரியாது. இரண்டுக்கும் இடையே தொலைபேசி எண்கள் முன்கூட்டியே கைமாறியிருக்க வேண்டும்.

2025 நவம்பரில் நடந்தது

நவம்பர் கடைசிக் கிழமையில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். புத்தளம் மாவட்டத்துக்கு அழிவு பெரும்பாலும் ஆறுகளின் வழியாக வந்தது. தெதுரு ஓயா, மீ ஓயா, கலா ஓயா மூன்றும் உள்நாட்டு மழையைக் கொண்டுவந்து கரையோரத்தில் கொட்டின. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்களுக்குள் வெள்ளம் பின்பக்கத்தால் நுழைந்தது. சிலாபம் வைத்தியசாலைக்குள்ளும் தண்ணீர் ஏறியது. புத்தளம் அநுராதபுரம் வீதியில், கலா ஓயாவில் சிக்கிய பஸ் பயணிகளைக் கடற்படை மீட்க வேண்டியிருந்தது.

அரசாங்கத்தின் நிவாரணம் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்ற பழகிய தடத்தில் வந்தது. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய், வீட்டுப் பொருட்களுக்கு வேறு, பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தனிக் கொடுப்பனவு என்று அறிவித்தார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இவ்வளவு பெரிய அழிவில் வேறு எந்தத் தடத்தாலும் இத்தனை வீடுகளுக்குப் போயிருக்க முடியாது. ஆனால் இது வீட்டை அலகாகக் கொண்ட பணம். வீட்டுக்கு வந்த காசில் முதலில் கூரை, பிறகு அடுப்படி, பிறகு வலையும் என்ஜினும். ஒலுவிலில் படிக்கும் மகளின் போடிங் வாடகை கடைசி வரிசையில் நிற்கும். வீட்டார் பார்வையில் அது நியாயம்தான். அதனால்தான் கல்லூரி கொடுக்கும் பணம் வீட்டுக் கணக்கில் கலக்காமல் மாணவரின் பெயரிலேயே போக வேண்டும் என்கிறேன்.

அந்த முறை இன்னொரு கூட்டம் நடுவில் அகப்பட்டது. உயர்தரப் பரீட்சை நவம்பர் 10 இல் தொடங்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் புயல் வந்தது. பரீட்சையை நிறுத்தினார்கள், மிச்ச வினாத்தாள்கள் 2026 ஜனவரியில் நடந்தன. இடைப்பட்ட வாரங்களில் அந்தப் பிள்ளைகள் பாடசாலைக்கும் போகவில்லை, பல்கலைக்கழகத்துக்கும் உரியவர்கள் இல்லை. எந்தப் பட்டியலிலும் விழாமல் போவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர்களுக்கு வேண்டியிருந்தவை சின்னச் சின்னப் பொருட்கள். சேறு படிந்த குறிப்புக் கொப்பிக்குப் பதிலாக யாருடையதாவது ஒன்றின் பிரதி. இரவில் படிக்க வெளிச்சம். பரீட்சை நிலையத்துக்குப் போய்வர முச்சக்கரவண்டிக் காசு. தொலைந்த அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரின் ஒப்பம், படம், கட்டணம். பாடசாலைகள் இனிமேல் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் தனியே வைத்திருப்பது நல்லது.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, வெள்ளத்தில் போன கல்விச் சான்றிதழ்களுக்குக் கட்டணமின்றி நகல் கொடுக்க ஏற்பாடு செய்தது. கல்லூரி அளவில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. உங்கள் பதிவேட்டில் இருக்கும் சான்றிதழின் பிரதியை அதிபரின் ஒப்பமிட்டு அன்றைக்கே கொடுங்கள். விண்ணப்பம் எழுதி வரச் சொல்லாதீர்கள்.

புலமைப்பரிசில் இருக்கிறதே என்பவர்களுக்கு

இருக்கிறது. அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் காலத்தில், 1981 இல் சட்டமாகிய மகாபொல நிதியம் இன்றும் ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்க வைக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதத்துக்கு 7,500 ரூபாயாகவும், பர்சரி என்று பிள்ளைகள் சொல்லும் உதவுதொகை 6,500 ரூபாயாகவும் உயர்ந்தன. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க முன்பு கொழும்புக்கு ஓட வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஆனால் மகாபொலவும் பர்சரியும் மாணவர் நுழையும்போது குடும்பம் இருந்த நிலையைப் பார்த்து முடிவாகின்றவை. பையன் முதலாம் வருடம் சேரும்போது வாப்பாவுக்கு முந்தல் பக்கம் இறால் பண்ணை. நல்ல வருமானம், ஆகவே உதவித்தொகை இல்லை. இரண்டாம் வருடம் குளத்தில் நோய் விழுகிறது. 1990களின் நடுப்பகுதியில் வெண்புள்ளி வைரஸ் இந்தக் கரையில் எத்தனை பண்ணைகளை மூடவைத்தது என்பதை ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அந்த நோய் வந்து வந்து போகிறது. அந்த இரண்டாம் வருடத்தில் மகாபொலவின் பட்டியல் மூடியாகிவிட்டது. அவசர நிதி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

வருமான அத்தாட்சி கேட்காதீர்கள்

கல்லூரிகள் வழக்கமாகக் கேட்கும் தாள் தந்தையின் வருமான அத்தாட்சி. கொழும்பில் சம்பளப் பட்டியல் காட்டும் குடும்பத்துக்கு அது பொருந்தும். இந்தக் கரையில் அந்தத் தாளுக்குப் பெரிய பொருள் கிடையாது. கரைவலையில் இழுக்கிறவருக்குச் சம்பளம் இல்லை, பங்கு. பாடு விழுந்தால் பங்கு, விழாவிட்டால் சம்மாட்டியிடம் முன்பணம். அந்த முன்பணம் அடுத்த பாட்டில் கழியும். மேற்குக் கரையில் தென்மேல் பருவம் கடலைக் கெடுக்கும் மாதங்களில் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போடப் போய்விடுவார்கள். கற்பிட்டி வெங்காயத்துக்கு விலை இருந்தால் ஒரு வருமானம், இறக்குமதி வந்தால் வேறு. உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குப் பருவம் தப்பிய ஒரு மழை போதும். அப்படியான மழைகளால்தான் 2025 இல் நாடே இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. இவற்றையெல்லாம் ஒரு மாதச் சராசரியாக எழுதச் சொன்னால் கிராம உத்தியோகத்தர் எழுதுவது ஊகம்தான். அந்த ஊகத்துக்காகப் பிள்ளை மூன்று நாள் வரிசையில் நிற்கும்.

காலத்தையும் கவனியுங்கள். இந்தக் கரையில் கடல் பிழைப்பு சூடுபிடிக்கும் பருவத் தொடக்கத்தில்தான் டித்வா வந்தது. மே முதல் செப்டெம்பர் வரை கையைக் கடித்துக்கொண்டு இருந்த வீடுகள், கடனை அடைக்க நவம்பரைத்தான் நம்பியிருந்தன. அந்தக் குடும்பத்தைப் போன வருட வருமானத்தால் அளப்பதில் பயனில்லை.

இன்னொரு சிக்கல் இந்த மாவட்டத்துக்கே உரியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் மிகப் பெரும் பங்கினர் புத்தளத்துக்கு வந்தார்கள். போருக்குப் பிறகு ஒரு பகுதி மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பியது. பல குடும்பங்கள் இன்னும் இரண்டு கரையிலும் கால் வைத்திருக்கின்றன: வாக்காளர் பதிவு அங்கே, பிள்ளைகளின் பாடசாலை இங்கே. இப்படியான பிள்ளை அத்தாட்சி கேட்டுப் போனால் “உங்கட பதிவு அங்கதானே” என்பார் இங்குள்ளவர். “நீங்க இஞ்ச இல்லையே” என்பார் அங்குள்ளவர். விதிப்படி இருவர் சொல்வதும் சரி. உங்கள் படிவம் பதிவு இடத்தைக் கேட்கக் கூடாது. அன்று இரவு எங்கே படுத்திருந்தார் என்று கேட்டால் போதும்.

அந்த 1990 இன்னொன்றையும் கற்றுத்தந்தது. வந்தவர்களுக்கு நிவாரண அட்டை இருந்தது. வரவேற்று இடம் கொடுத்த ஏழைக் குடும்பத்துக்கு இல்லை. ஒரே கிணறு, ஒரே பாடசாலை. ஒரு வீட்டுக்கு உலர் உணவு, பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் இல்லை. நாளடைவில் அது கசப்பாயிற்று. பேராதனையில் பேராசிரியராக இருந்த எஸ். எச். ஹஸ்புல்லா இந்த இடப்பெயர்வைப் பல வருடம் ஆராய்ந்து எழுதியவர். இப்பணியில் இறங்குகிறவர்கள் அவர் எழுத்துகளைத் தேடிப் படிக்கலாம். உங்கள் பட்டியலில் “இடம்பெயர்ந்தவர்”, “நிரந்தரவாசி” என்று பிரிக்கும் நிரல் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற விதியும் அதே தவறுதான். சாச்சி வீட்டில் ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்கு முகாம் பதிவு இராது, காசும் இராது.

நான்கு கேள்விகள்

படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நீங்களே நிரப்புங்கள். அழைப்பு இப்படிப் போகலாம்:

“ஸலாம் சேர்.”

“வஅலைக்கும் ஸலாம். மகள், வீட்டுக்குள்ள தண்ணி எதுவரைக்கும் வந்திச்சு?”

“கட்டில் மட்டத்துக்கு சேர்.”

“இப்ப எங்க இருக்கீங்க?”

“சாச்சி வீட்ட.”

“திங்கட்கிழமை வாறதுக்கு என்ன தடை?”

கொஞ்ச நேரம் பேச்சு வராது. அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாதீர்கள்.

“போடிங் காசு சேர். ரெண்டு மாசம் குடுக்கல்ல. பதிமூவாயிரம்.”

“உங்கட பேர்ல பேங்க் புத்தகம் இருக்கா?”

இவ்வளவுதான் விசாரணை. தண்ணீர், இடம், தடை, கணக்கு. கேட்கிறவர் ஒரு தாளில் எழுதி, நேரம் போட்டு, ஒப்பமிட வேண்டும். தமிழில் படிக்கும் பிள்ளையோடு தமிழில், சிங்களத்தில் படிக்கும் பிள்ளையோடு சிங்களத்தில். மாரவில, வென்னப்புவ பக்கத்துப் பிள்ளைகளும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். பெண் பிள்ளைகளை அழைக்க ஓர் ஆசிரியை இருப்பது மிக முக்கியம். வீட்டு ஆண்களுக்கு முன்னால் சொல்ல முடியாத தேவைகளை அவரிடம்தான் சொல்வார்கள்.

“விண்ணப்பிக்கலாம்” என்று அறிவித்தல் ஒட்டிவிட்டு இருப்பது வேலையைப் பாதியில் விடுவது. கூச்சமில்லாதவர்கள் வருவார்கள். பத்தலங்குண்டுத் தீவில் வாடி போட்டிருக்கும் அப்பாவின் மகன் வரமாட்டான். அவனுக்குச் சிக்னல் கிடைப்பதே எப்போதாவதுதான். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி நல்ல போன் வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் பரிசு. வருகைப் பதிவேட்டை எடுத்து, பாதிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளின் முகவரிகளைக் குறித்து, நீங்களே வரிசையாக அழையுங்கள். கிடைக்காத எண்ணுக்கு வகுப்புத் தோழரைக் கேளுங்கள். யார் எங்கே என்பது பெட்ச் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அலுவலகத்தைவிட நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறது. படிப்பை முடிக்கக் கொஞ்சமே இருக்க, சிறு கட்டணப் பாக்கியால் பெயர் வெட்டுப்படப் போகும் மாணவர்களைத் தன் கணக்குப் புத்தகத்திலிருந்தே தேடி எடுத்து, அவர்கள் கேட்காமலே பாக்கியை அடைக்கிறது. சராசரித் தொகை 900 டொலர் அளவில். அதே நாட்டில் 2020 கொரோனாச் சட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு அவசரக் கொடையாக 6.28 பில்லியன் டொலர் கல்லூரிகளின் கையில் வந்தபோது வேறு காட்சி. சில கல்லூரிகள் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தன, சில விண்ணப்பம் கேட்டன. யாருக்குத் தகுதி என்பதில் அரசின் வழிகாட்டலே நடுவில் மாறியது. முதலில் விலக்கப்பட்டவர்களை அடுத்த வருடம் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பணம் இருந்தும், விதியை முன்கூட்டி எழுதி வைக்காத இடங்களில் தடுமாற்றம்தான். நமக்கு அவ்வளவு பணம் வரப்போவதில்லை. விதியையாவது முன்பே எழுதி வைக்கலாம்.

எவ்வளவு, எத்தனை தடவை

என் ஆலோசனை இரண்டு தவணை. முதல் தவணை வீட்டுக்குள் தண்ணீர் வந்த எல்லோருக்கும் ஒரே தொகை, 10,000 ரூபாய். கூடக் குறைய இல்லை. யாருக்கு அதிகக் கஷ்டம் என்று இந்தக் கட்டத்தில் எடை போடாதீர்கள். இந்தத் தொகை பஸ்ஸுக்கும் உடுப்புக்கும் முதல் இரண்டு கிழமைச் சாப்பாட்டுக்கும் போதும். இரண்டாவது தவணை, கல்லூரி திறந்த பிறகு தடையைப் பார்த்துக் கொடுப்பது: போடிங் பாக்கி, மடிக்கணினி திருத்தம், மூக்குக்கண்ணாடி, பரீட்சைக் கட்டணம். இதற்கு ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு இல்லாவிட்டால் முதல் ஐந்து பேரோடு நிதி முடிந்துவிடும்.

உதாரணத்துக்கு, உயர்தர வகுப்புகளில் 400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலை. பத்தில் ஒருவருக்கு முதல் தவணை என்றால் நான்கு இலட்சம் ரூபாய். வளைகுடாவில் வேலை செய்யும் பழைய மாணவர் 200 பேர் மாதம் 500 ரூபாய் நிலையான கட்டளையாகப் போட்டால் நான்கு மாதத்தில் சேரும் காசு. வெள்ளம் வந்த பிறகு படம் அனுப்பிக் கேட்டால் இதைவிடக் கூடவும் வரலாம், ஆனால் பிந்தி வரும். வந்ததில் பாதி, அனுப்பியவரின் சொந்தக்காரப் பிள்ளைக்கு என்ற குறிப்போடு வரும்.

கடனாகக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வட்டியில்லாக் கடனும் கடன்தான். திருப்பிக் கொடுக்க முடியாத பிள்ளை உங்களைக் கண்டு ஒளியும், பிறகு கல்லூரிக்கே வராது.

காசு போகும் பாதை

மாணவரின் சொந்த வங்கிக் கணக்கே முதல் தெரிவு. தந்தையின் கணக்கில் போட்டால் லீசிங் தவணைக்கான நிலையான கட்டளை அதை விடியுமுன் எடுத்துவிடக்கூடும். நுண்கடன் வசூலிக்கக் கிழமைதோறும் வருகிறவருக்கும் எந்த வீட்டுக்குக் காசு வந்தது என்பது தெரிந்துவிடும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு: சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடும் காசைப் பெரும்பாலும் பதினெட்டு முடியுமுன் எடுக்க முடியாது. நல்ல மனதோடு அதில் வைப்புச் செய்துவிட்டு, பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்போம். அந்த வயதினருக்குத் தாயின் கணக்கு, அல்லது ஒப்பம் வாங்கிக்கொண்டு கையில் காசு.

மின்சாரமும் போனும் போன நாட்களில் வங்கி அட்டையும் வேலை செய்யாது. வளிமண்டலவியல் திணைக்களம் சிவப்பு எச்சரிக்கை விட்ட அன்றே ஒரு சிறு தொகையைக் காசாக எடுத்து அலுவலகப் பெட்டகத்தில் வைத்துக்கொள்ள உங்கள் விதியில் இடம் இருக்கட்டும். நிதிக் கணக்குக்கு ஒப்பமிட மூவர்; அவர்களில் எவரேனும் இருவர் போதும். மூவரும் ஒரே ஊரில் இருக்கக் கூடாது. கணக்கில் காசு இருந்தும் ஒப்பமிடுகிறவர் மாம்புரியில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றால் என்ன செய்வது?

அரச நிறுவனங்களுக்கு நிதிப் பிரமாணங்கள் உண்டு, கணக்காய்வும் வரும். பல்கலைக்கழகமானால் பேரவையின் முன் அனுமதியோடு ஒரு நலன்புரி நிதியைப் பெயர் குறித்துத் தொடங்கி வையுங்கள். உத்தரவுக்காக அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டிய நிலை வராது. பாடசாலையானால் அபிவிருத்திச் சங்கக் கணக்கைத் தொடுமுன் புத்தளம் அல்லது சிலாபம் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோவையில் போடுங்கள். மழைக்காலத்துக்கு முன் கேட்க வேண்டிய கடிதம் இது.

கொடையாளர்களின் நிபந்தனைகளையும் தனித்தனியே வைத்திருங்கள். ஸகாத் பணத்துக்கு மார்க்கத்தில் வகுத்த எட்டுப் பிரிவினர் உண்டு. ஸகாத் குழு அதைப் பார்த்துத்தான் கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும். ஆனால் உங்கள் கல்லூரியில் உடப்பிலிருந்து வரும் இந்துப் பிள்ளையும் தலவிலவிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளையும் அதே வகுப்பில் இருப்பார்கள். பொது ஸதக்காவும் ஏனைய நன்கொடைகளும் வேறொரு பேரேட்டில் இருந்தால் அவர்களுக்கும் அதே நாளில், அதே தொகையைக் கொடுக்கலாம். கோயில் சபையும் மறைமாவட்ட உதவி அமைப்பும் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டால், எந்தச் சபையோடும் ஒட்டாத வீட்டுப் பிள்ளை விடுபடும்.

பொய் சொன்னால்?

சொல்வார்கள், சிலர். பத்தாயிரம் ரூபாய்க்கு நாற்பது பேரில் இரண்டு பேர் பொய் சொன்னால் இழப்பு இருபதாயிரம். அந்த இருவரைப் பிடிக்கவென்று எல்லோரையும் அத்தாட்சிக்கு அலைய விட்டால், உண்மையான பத்துப் பேர் அலுத்து விட்டுவிடுவார்கள். கொடுத்த பிறகு பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பட்டியலில் பத்துக்கு ஒன்றைக் குலுக்கி எடுத்து, அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் போகிற வழியில் விசாரித்து வரட்டும். பொய் என்று தெரிந்தால் இரண்டாம் தவணையை நிறுத்துங்கள், போதும். காசைத் திருப்பிக் கேட்டு ஊரைக் கூட்ட வேண்டாம்.

பேரேட்டில் மாணவரின் பதிவு இலக்கம், திகதி, தொகை, தடை, அழைத்தவரின் ஒப்பம் ஆகியவை போதும். கூட்டத்தில் வாசிக்கும் அறிக்கையில் பெயர்கள் வரக் கூடாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வளர்ந்த ஒரு பிள்ளையின் வறுமையைச் சுவரில் ஒட்டலாமா?

படம் எடுப்பதைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. பதாகைக்கு முன் காசோலையை இருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் எடுப்பதானால் இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடலாம். கொடையாளர் கேட்டால் பேரேட்டைக் காட்டுங்கள். அதற்கும் இணங்காதவரிடம் காசு வாங்காமல் விடுவதே மேல்.

திரும்பி வராதவர்கள்

கல்லூரி திறந்து மூன்றாவது கிழமையில் வருகைப் பதிவேட்டை மறுபடி எடுங்கள். காசு வாங்கியும் வராதவர்கள் இருப்பார்கள், அழைப்பே போய்ச் சேராதவர்களும் இருப்பார்கள். போன் வேண்டாம், ஆள் அனுப்புங்கள். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரும் ஓர் ஆசிரியரும் போதும். வீட்டில் வயதான பாட்டி தனியே இருப்பது, தம்பியின் காய்ச்சல், கடைக்கு வேலைக்குப் போய்விட்டது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடனே திரும்பக்கூடியவருக்கு இரண்டாம் தவணையை அங்கேயே உறுதி செய்யுங்கள். திரும்ப முடியாத பல்கலைக்கழக மாணவருக்குச் செய்ய வேண்டியது வேறு: படிப்பைத் தற்காலிகமாக ஒத்திவைக்கக் கேட்டு ஒரு கடிதம். வீட்டுத் திண்ணையிலேயே எழுதி ஒப்பம் வாங்கி, பரீட்சைப் பதிவு முடியும் திகதிக்கு முன் பீடத்துக்கு அனுப்பிவிட்டால் அடுத்த வருடம் அவர் இடம் இருக்கும். கடிதம் இல்லாமல் வராமல் விட்டவர் பதிவிலிருந்து நீங்கினவராகவே கருதப்படக்கூடும். பிறகு மேன்முறையீடு, கூட்டம், இன்னொரு வருடம். அந்தக் கடிதத்தின் மாதிரியை இரண்டு மொழியிலும் அச்சடித்து, நவம்பருக்கு முன் பெட்டகத்தில் வையுங்கள். ஒத்திவைத்தவர்களின் பெயர்கள் அடுத்த வருட முதல் தவணைப் பட்டியலில் தலையில் இருக்கட்டும்.